முதல் மூன்று வரிசை

பேட் சம்மிட் 2012 ஏப்ரல் 18 அன்று டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது 59. 38 பருவங்களில் 1,098 வெற்றிகள், 208 தோல்விகள், 8 தேசியப் பட்டங்கள். அமெரிக்காவின் முதல்நிலைக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் அன்று அவரைவிட அதிக ஆட்டங்களை வென்ற பயிற்சியாளர் எவரும் இல்லை. அதன்பின் டியூக் ஆண்கள் அணியின் மைக் ஷெஷெவ்ஸ்கி, ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டர்வீர், கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியெமா மூவரும் அந்த எண்ணைத் தாண்டிவிட்டார்கள். வான்டர்வீர் 2024இல் 1,216 வெற்றிகளுடன் ஓய்வுபெற்றார். அதே ஆண்டு நவம்பரில் ஆரியெமா அவரையும் தாண்டினார்.

சம்மிட்டின் பெயரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. டென்னசியில் தங்கள் ஆட்டக்காலத்தை முழுமையாக முடித்த அவருடைய மாணவிகள் ஒருவர் விடாமல் பட்டம் பெற்றார்கள். 38 ஆண்டுகளில் இதற்கு விதிவிலக்கு கிடையாது. நூற்றுக்கு நூறு என்ற இந்தக் கணக்கை யாரும் சமன் செய்யலாம், மிஞ்ச முடியாது. அவர் விட்டுச்சென்ற சொத்து எது என்று கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். கோப்பைகளை அதற்குப் பிறகு வைப்பேன்.

இது ஏன் பெரிய செய்தி என்பதை விளக்க வேண்டும். நம் ஊரில் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் போட்டிகளை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை எடைபோட முடியாது. நாக்ஸ்வில் நகரில் சம்மிட்டின் அணி ஆடிய தாம்சன்-போலிங் அரங்கில் 20,000 பேருக்கு மேல் உட்காரலாம். மார்ச் மாதம் தொடங்கினால் தேசியப் போட்டிக்காக நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடும். ஒளிபரப்பு உரிமை, நுழைவுச்சீட்டு, முன்னாள் மாணவர்களின் நன்கொடை என்று பணம் புரளும் உலகம் அது. ஆடுகிறவர் பெயரளவில் மாணவர். அவர் வகுப்புக்குப் போகிறாரா, தேர்வு எழுதுகிறாரா என்பதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதில்தான் எல்லோருக்கும் லாபம். நான்காண்டு ஆடி முடித்து, கையில் பட்டமும் இல்லாமல், தொழில்முறை அணியில் இடமும் இல்லாமல் ஊர் திரும்பிய விளையாட்டு வீரர்கள் அந்த நாட்டில் எத்தனையோ பேர். அந்தச் சூழலில் ஒரு பயிற்சியாளர் தன் மாணவிகளிடம் போட்ட கட்டளைகள் இரண்டு. வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும். தகுந்த காரணமில்லாமல் வகுப்புக்குப் போகவில்லை என்றால் அடுத்த ஆட்டத்தில் களமிறங்க முடியாது.

முதல் மூன்று வரிசை என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஆறடிக்கு மேல் உயரமுள்ள பெண், ஊரறிந்த முகம், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளால் தூங்க முடியாது. அவள் வராத நாளில் அந்த இடம் காலியாக இருப்பது பேராசிரியருக்குத் தெரிந்துவிடும். தனி ஆள் வைத்து வருகைப் பதிவை வேவு பார்க்க வேண்டியதில்லை. பெரிய கல்விக் கொள்கைகள் செய்ய முடியாத வேலையை ஒரு நாற்காலியின் இடத்தை மாற்றிச் செய்தார் அவர்.

இந்தப் பிடிவாதம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய இளமையில் பார்க்கலாம். 1952இல் டென்னசி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில் நகரில் பிறந்தவர். பால்பண்ணையும் புகையிலை விளைச்சலும் கொண்ட விவசாயக் குடும்பம். மூன்று அண்ணன்மார், ஒரு தங்கை. வைக்கோல் பரணில் அண்ணன்களோடு மல்லுக்கட்டித்தான் கூடைப்பந்து பழகினார். அவர் படிக்கவேண்டிய உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை என்றதும் தகப்பனார் குடும்பத்தையே பக்கத்து மாவட்டத்தின் ஹென்ரியட்டா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்த்தார். அங்கே பெண்களுக்கு அணி இருந்தது. ஒரு விவசாயி தன் மகள் பந்து விளையாட வேண்டும் என்பதற்காக வீடு மாறியது 1960களில். அந்த மனிதர் கண்டிப்புக்குப் பேர்போனவர். பாசத்தை வாய்விட்டுச் சொல்லாதவர். ஆனால் அவர் செய்தது இது.

கல்லூரிக் காலம் வந்தபோது அண்ணன்மார் மூவரும் விளையாட்டு உதவித்தொகையில் படித்திருந்தார்கள். அவர்களோடு சரிசமமாக ஆடிப் பழகிய தங்கைக்கு அப்படி ஒரு உதவித்தொகையே கிடையாது. பெற்றோர்தான் பணம் கட்டினார்கள்.

1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கல்விச் சட்டத் திருத்தம் ஒன்றில் கையெழுத்திட்டார். ஹவாயைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் பாட்சி மிங்க் உள்ளிட்டோர் உழைத்து உருவாக்கிய அதன் ஒன்பதாம் பிரிவை அமெரிக்கர்கள் டைட்டில் நைன் என்கிறார்கள். ஒன்றிய அரசின் நிதியுதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டு என்ற சொல் அதில் எங்கும் வரவில்லை. என்றாலும் பெண்கள் விளையாட்டை அதுபோல் மாற்றியமைத்த சட்டம் உலகில் வேறொன்று இருப்பதாக நான் கருதவில்லை. அந்தச் சட்டம் வருமுன் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் சுமார் 3 லட்சம் பேர். இன்று 30 லட்சத்துக்கும் மேல்.

ஆனால் சட்டம் உரிமையைத்தான் கொடுத்தது. அணி, சீருடை, வண்டி, பயிற்சிக்கு அரங்கம் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் கேட்டும் சண்டைபோட்டும் வாங்க வேண்டியிருந்தது. டென்னசியில் அந்த ஒருவர் சம்மிட். 1974இல், 22 வயதில், முதுநிலைப் படிப்புக்கும் உதவிப் பயிற்சியாளர் வேலைக்குமாக அங்கே போனார். தலைமைப் பயிற்சியாளர் விலகிப் போனதால் அந்தப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மாதச் சம்பளம் 250 டாலர். அணியில் நான்கு பேர் அவரைவிட ஒரே ஒரு வயதுதான் இளையவர்கள். வகுப்பெடுத்தார், தானும் படித்தார், காயம்பட்ட தன் முழங்காலைத் தேற்றி ஒலிம்பிக் அணியில் இடம்பிடிக்கப் பாடுபட்டார். வெளியூர் ஆட்டங்களுக்கு வேனை ஓட்டியவர் அவரே. சீருடைகளைத் துவைத்தவரும் அவரே. அந்தச் சீருடைகள்கூட முந்தைய ஆண்டு டோனட் விற்ற காசில் வாங்கியவை. ஒருமுறை எதிரணியின் அரங்கத்திலேயே தரைவிரிப்புகளைப் போட்டு இரவு தூங்கிவிட்டு மறுநாள் ஆடினார்கள். அவருடைய முதல் ஆட்டம் ஒரு புள்ளியில் தோல்வி.

1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. வெள்ளி வென்ற அமெரிக்க அணியின் இணைத் தலைவர்களில் ஒருவர் அவர். 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளர்.

அவர் நடத்திய இன்னொரு போராட்டம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. டென்னசி உயர்நிலைப் பள்ளிகளில் பெண்கள் அப்போது ஆடிய கூடைப்பந்து வேறு விதமானது. அணிக்கு ஆறு பேர். மூவர் ஒரு பாதியில் பந்து போடுவார்கள். மூவர் மறு பாதியில் தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பெண்ணின் உடல் முழுக் களத்தையும் ஓடித் தாங்காது என்ற பழைய எண்ணத்தின் மிச்சம் அது. தடுப்பாட்டம் மட்டுமே பழகிய பெண்ணுக்கு எந்தக் கல்லூரி உதவித்தொகை கொடுக்கும்? சொந்த மாநிலத்துப் பெண்களைத் தன் அணிக்கு எடுக்கவே இந்த முறை தடையாக இருக்கிறது என்று சம்மிட் வெளிப்படையாகப் பேசினார். 1979-80 பருவத்தில் டென்னசி பள்ளிகள் ஐவர் ஆட்டத்துக்கு மாறின. டென்னசியின் எந்தச் சிற்றூரிலும் இன்று ஒரு பெண் களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுகிறாள் என்றால் அதில் சம்மிட்டுக்குப் பங்கு உண்டு. கோப்பை அடுக்கிவைத்த அலமாரியில் இதற்கு இடம் கிடையாது.

அவருடைய கண்டிப்பைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு முந்தைய இரவு சிலர் கூத்தடித்துக் குடித்தது தெரிந்ததும், மறுநாள் களத்தின் நான்கு மூலைகளிலும் குப்பைத் தொட்டிகளை வைத்து, வாந்தி எடுக்கும்வரை ஓடவிட்டார் என்பது அவருடைய தொடக்க ஆண்டுகளில் நடந்த, பலர் அறிந்த சம்பவம். அவருடைய முறைத்த பார்வை அமெரிக்க விளையாட்டு உலகில் ஒரு தனிப் புகழ் பெற்றது. குப்பைத் தொட்டிகளை நான் நியாயப்படுத்த மாட்டேன். இன்று அப்படிச் செய்தால் விசாரணை வரும், வரத்தான் வேண்டும். பயிற்சி என்ற பெயரில் உடலை வதைத்த பயிற்சியாளர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், அவர்களில் பலர் வெற்றியைக் காட்டித் தப்பித்துக்கொள்கிறார்கள். சம்மிட்டை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது, மாணவி களத்தைவிட்டு வெளியேறிய பின்னும் அவர் காட்டிய பொறுப்பு. வயதும் தாய்மையும் சேரச்சேர அவர் கனிந்ததைப் பழைய மாணவிகள் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பு விதியில் மட்டும் கடைசிவரை கனியவில்லை.

அவருடைய மாணவி தமிகா காட்சிங்ஸ் பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவர். சிறுவயதில் சக மாணவர்களின் கேலி பொறுக்காமல் காதுக்கருவியைத் தூக்கி எறிந்துவிட்டவர். ஆட்டத் திறமையால் அந்தக் குறையை வருடக்கணக்கில் மறைத்தார். டென்னசிக்கு வந்த பிறகு சம்மிட் அவரை உட்காரவைத்துப் பேசி மீண்டும் கருவியை அணியவும் பேச்சுப் பயிற்சி எடுத்துக்கொள்ளவும் வைத்தார். அந்த ஆண்டு, அதாவது 1997-98 பருவத்தில், அணி 39 ஆட்டங்களில் 39ஐயும் வென்றது. காட்சிங்ஸ் பின்னாளில் 4 ஒலிம்பிக் தங்கங்கள் வென்றார். காதுக்கருவி இல்லாமலும் அவர் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார். அணிக்கு அதனால் நட்டமில்லை. ஆடுகளத்துக்கு வெளியே அந்தப் பெண் எப்படி வாழப்போகிறாள் என்று யோசித்தவர்தான் அதைச் செய்திருக்க முடியும்.

1990இல் நிறைமாதக் கர்ப்பிணியாக, ஒரு பள்ளி மாணவியைத் தன் அணிக்கு அழைக்கப் பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போனார். பேசிக்கொண்டிருக்கும்போதே பிரசவ அறிகுறி தொடங்கிவிட்டது. திரும்பும் வழியில் வர்ஜீனியாவில் இறங்கி மருத்துவமனைக்குப் போகலாம் என்றபோது மறுத்துவிட்டார். அந்த ஆண்டு தன் அணியைத் தேசியப் போட்டியிலிருந்து வெளியேற்றிய அணியின் மாநிலத்தில் குழந்தை பிறக்கக் கூடாது! மகன் டென்னசியில்தான் பிறந்தான். அணிப் பேருந்திலும் விமானத்திலும் அம்மாவோடு வளர்ந்தான். பெண் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எண்ணிய இளம்பெண்கள் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராகும் வாய்ப்பு இருமுறை அவரைத் தேடி வந்தது. இருமுறையும் வேண்டாமென்றார். அதை ஏன் பதவி உயர்வு என்று நினைக்கிறீர்கள் என்பது அவருடைய கேள்வி. 250 டாலரில் தொடங்கியவர் 2006இல் பத்து லட்சம் டாலர் ஆண்டு ஊதியத்தைத் தொட்ட முதல் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆனார். பெண்கள் அணியோடு இருந்தபடியே அங்கு வந்து சேர்ந்தார்.

2011 ஆகஸ்டில், தனக்கு இளவயது அல்சைமர் வகை மறதிநோய் தொடங்கியிருக்கிறது என்று உலகுக்கு அறிவித்தார். ஆட்டத்தின் நடுவே நொடியில் முடிவெடுப்பதே பிழைப்பாகக் கொண்டவருக்கு வந்த நோய் அது. முதுகுவலி என்றோ குடும்பக் காரணம் என்றோ சொல்லிவிட்டு விலகியிருக்கலாம். யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நோயின் பெயரைச் சொன்னார், இன்னொரு பருவமும் பயிற்சியாளராக இருந்தார், தன் வேலைகளில் பெரும்பகுதியை நெடுநாள் துணைப் பயிற்சியாளர் ஹாலி வார்லிக்கிடம் ஒப்படைத்தார். மறதிநோய் என்றால் வீட்டுக்குள் மறைத்துவைக்கும் செய்தி என்றிருந்த காலத்தில், பணியில் இருக்கும் ஒரு பெண் அதை மேடையில் சொன்னது நோயாளிக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்தக் குடும்பங்கள்தாம் அறியும். அந்தக் கடைசிப் பருவத்தில் அணி 27 ஆட்டங்களை வென்று, தேசியப் போட்டியின் காலிறுதியில் பேய்லர் அணியிடம் தோற்றது. விலகலை அறிவித்த மறுநாள் தன் விசிலை வார்லிக்கிடம் கொடுத்தார். 2016 ஜூன் 28 அன்று, 64 வயதில் காலமானார். அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை மறதிநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகிறது. நாக்ஸ்வில்லில் அவர் பெயரில் ஒரு மருத்துவ மையமும் இயங்குகிறது.

அவருக்குப் பின் என்ன ஆயிற்று? டென்னசி பெண்கள் அணி 2008இல் அவர் தலைமையில் பட்டம் வென்றதற்குப் பிறகு தேசிய அரையிறுதியையே எட்டவில்லை. அவர் ஓய்வுபெற்ற அதே ஆண்டில் பெண்கள் விளையாட்டுக்கென்று தனியாக இயங்கிய துறை ஆண்கள் துறையோடு இணைக்கப்பட்டது. 2015இல் பெண்கள் அணிகளின் ‘லேடி வால்ஸ்’ என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். சம்மிட்டின் நினைவுக்காகக் கூடைப்பந்து அணிக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். முன்னாள் மாணவிகளின் எதிர்ப்புக்குப் பிறகு 2017இல் அந்தப் பெயர் எல்லா அணிகளுக்கும் திரும்பியது. ஒரு நிறுவனம் தன்னை உருவாக்கியவரின் பெயரைச் சுவரில் எழுதிவிட்டு அவர் கட்டியதைக் கலைத்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொன்று என்னை அதிகம் உறுத்துகிறது. டைட்டில் நைன் வந்தபோது அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களே பயிற்சியாளர்கள். இன்று பாதிக்கும் குறைவு. சம்பளமும் மரியாதையும் இல்லாத காலத்தில் அந்த வேலை பெண்களிடம் இருந்தது. பணம் வந்தது, ஆண்கள் வந்தார்கள். சம்மிட் ஓட்டிய வேனில் ஏறிவந்த வேலை அது. அவருடைய மாணவிகள் சிலர் அந்த இடத்தைக் காத்துவருகிறார்கள் என்பது ஆறுதல். கேரா லாசன் டியூக் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர். அமெரிக்கத் தேசிய அணிப் பொறுப்பும் அவரிடம் வந்திருக்கிறது. வேறு பலர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிற்சியாளர்களாகவும் நிர்வாகிகளாகவும் இருக்கிறார்கள்.

2024இல் பெண்கள் தேசிய இறுதியாட்டத்தை அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் 1 கோடியே 50 லட்சத்துக்கும் குறைவு. டோனட் விற்றுச் சீருடை வாங்கிய ஆட்டம் அரை நூற்றாண்டில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதலாண்டு உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். அணி மாறுவதற்கு இருந்த காத்திருப்பு விதிகளும் தளர்ந்துவிட்டன. இது நியாயம். அவர்களுடைய உழைப்பில் பிறர் கொழித்த காலம் நீண்டுவிட்டது. பணம் கொடுப்பதை எதிர்க்கும் பழைய பயிற்சியாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ஆண்டுக்கொரு பல்கலைக்கழகம் மாறும் 19 வயதுப் பெண்ணின் பட்டத்துக்கு யார் பொறுப்பு? முதல் ஆண்டு இவரிடம், இரண்டாம் ஆண்டு அவரிடம், மூன்றாம் ஆண்டு வேறொருவரிடம் என்றால் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அணிகளின் கல்வி முன்னேற்றத்துக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. 2013இல் கனெக்டிகட் ஆண்கள் அணி அந்த மதிப்பெண் போதாமல் தேசியப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. அது அணியைத் தண்டிக்கும் முறை. சம்மிட் செய்தது, தன் பெயரையே பிணையாக வைப்பது. தன் வீட்டுப் பெண்ணை 4 ஆண்டுக்கு அனுப்பிவைத்த பெற்றோருக்கு அவர் தந்த வாக்குறுதி, பட்டத்தோடு திருப்பி அனுப்புவேன் என்பதுதான்.

இதை ஒரு தனிமனிதரின் குணமாகப் போற்றிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. பயிற்சியாளர்களின் ஒப்பந்தங்களில் தேசியப் பட்டத்துக்கு இவ்வளவு, அரையிறுதிக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை எழுதுகிறார்கள். தங்கள் அணிக்கு அழைத்துவந்த ஒவ்வொருவரும், அணி மாறினாலும் காயம்பட்டு நின்றாலும், பட்டம் முடிக்கும்வரை அவருடைய படிப்புச் செலவுக்கும் வழிகாட்டலுக்கும் அழைத்துவந்த பல்கலைக்கழகமே பொறுப்பு என்ற விதியையும், அதை நிறைவேற்றாத பயிற்சியாளருக்கு ஊக்கத்தொகை கிடையாது என்ற விதியையும் அதே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். 2 கோடி டாலர் கொடுக்க முடிகிற பல்கலைக்கழகங்களுக்கு இது சுமையே இல்லை. சம்மிட்டின் பெயரைத் தன் ஆடுகளத்துக்குச் சூட்டியிருக்கும் டென்னசி, தன் அடுத்த ஒப்பந்தத்தில் இதை முதலில் செய்யட்டும்.